ஒரு சொட்டுகூட உங்கள் குளத்துக்கு வராது

பல் ஆஸ்பத்திரி கட்டும் இடம்,
தகரக் கொட்டகை ஆபீஸ்,
சனிக்கிழமை காலை.

மதிப்புக்குரிய மச்சான், பாஸ்டர் லமார் டிட்வெல் அவர்களுக்கு,

உங்கள் தங்கை நதீனின் கணவன் அர்லிஸ் ஸ்ட்ரவுட் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. கர்த்தருடைய கிருபையால் இங்கே நாங்கள் சுகம். அங்கே உங்கள் சுகத்தையும், ரோவினா அக்காவின் சுகத்தையும், ஆடுகளின் சுகத்தையும், முக்கியமாகக் குளத்தின் சுகத்தையும் அறிய ஆவலாக இருக்கிறேன். குளத்தை நான் விசாரிப்பதைப் படித்ததும் உங்கள் காது சிவக்கும் என்று தெரியும். கொஞ்சம் பொறுமையாக மேலே படியுங்கள்.

செவ்வாய்க்கிழமையிலிருந்து நீங்கள் என் போனை எடுப்பதில்லை. நேரில் வந்தால் கொட்டகைப் பக்கம் போய்விடுகிறீர்கள். ஆகவே இந்தக் கடிதம். நதீன் கொண்டுவந்து கொடுப்பாள். தங்கை கையால் வருவதைக் கிழித்துப்போட உங்களுக்கு மனம் வராது என்ற தைரியத்தில்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நாளை என்ன நாள் என்று நீங்கள் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நாளை காலை ஆராதனை முடிந்ததும் உங்கள் குளத்தில் உங்கள் அப்பா, என் மாமா ஹோய்ட் ஞானஸ்நானம் எடுக்கிறார். உங்கள் சபையில் எல்லோரையும்விடச் சத்தமாகப் பாடுகிற அந்த மனுஷன், எண்பது வயது தாண்டியும் பின் பெஞ்சை விட்டு எழுந்து தண்ணீர்ப் பக்கம் வந்தவர் இல்லை. கேட்டால், சின்ன வயதில் அதே குளத்தில் ஓர் ஆமை தன் கால் சுண்டுவிரல் நுனியைக் கடித்துக்கொண்டு போன கதையைச் சொல்வார். இப்போதுதான், அத்தை வெர்னா ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பிறகு, ஒரு நிபந்தனையோடு தலையாட்டியிருக்கிறார். இடுப்பளவு தண்ணீரில் நின்று குனிந்து பார்த்தால் தன் இரண்டு பாதமும் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் கரையேறிவிடுவார், பிறகு யாரும் அந்தப் பேச்சை எடுக்கக் கூடாது. அத்தை வெள்ளை அங்கியைத் தைத்து, இஸ்திரி போட்டு, மறுபடியும் இஸ்திரி போட்டு மாட்டி வைத்திருக்கிறார். அவருடைய இதயம் இருக்கும் நிலையில் அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்ல நம்மில் யாருக்கும் வாய் வரவில்லை. நதீன் இதை நினைத்து அழுவதை நான் பார்த்திருக்கிறேன். நீங்கள் தனியாக அழுதிருப்பீர்கள்.

ஆகவே திங்கட்கிழமை மழை எங்கள் சைட் மண்ணைக் குளத்தில் கொண்டுவந்து கொட்டிய மறுநாள் நீங்கள் போனில் பேசியது நியாயம்தான். "அர்லிஸ், நான் என் குளத்தங்கரையில நிக்கறேன். முன்னாடி கெடக்கறது தண்ணியா தக்காளி சூப்பான்னு நீயே வந்து நக்கிப் பாத்துச் சொல்லு" என்றீர்கள். "மச்சான், இந்த ஊர் மண்ணே செவப்பு" என்றேன். "மண்ணு செவப்புதான். அது உன் மேட்டுல இருக்கற வரைக்கும் எனக்கு அதுகிட்ட சண்டை கெடையாது. ஞாயித்துக்கெழமை அப்பா குனிஞ்சு பாக்கறப்ப கால் தெரியலன்னா, அப்புறம் நீ என் மொகத்துல முழிக்காத." ஒரு பாஸ்டர் இதைவிடக் கடுமையாகப் பேசியிருக்கலாம். பேசவில்லை. அதற்கு நன்றி.

மேலேயிருந்து புதிதாக மண் வராமல் இருந்தால் குளம் ஞாயிற்றுக்கிழமைக்குள் தானாகத் தெளிந்துவிடும். வரவில்லை, வராது. இது என் வாக்கு. எப்படிச் சாதித்தேன் என்பதை வரிசையாகச் சொல்கிறேன், கேட்டால் நீங்களே பிரசங்கத்தில் சேர்த்துக்கொள்வீர்கள்.

முதலில் அந்தத் திங்கட்கிழமை விவகாரம். கட்டட மண் மழைநீரோடு வெளியே போகக் கூடாது என்கிற பர்மிட்டைச் சோதிக்க மாநில அலுவலகத்திலிருந்து ஒடெஸ்ஸா ரென்ஃப்ரோ என்று ஒரு இன்ஸ்பெக்டர் அம்மாள் வருகிறார். நல்ல மழை பெய்த மறுநாள் காலையில், காபி குடிப்பதற்கு முன்னால், முழங்கால் வரை பூட்ஸ் போட்டுக்கொண்டு வந்து நிற்பார். செவ்வாய்க்கிழமை காலை வந்தவர், சரிவின் அடியில் சேற்றைத் தடுக்க நாங்கள் கட்டியிருந்த கறுப்புத் துணி வேலியைப் பார்த்தார். சும்மா சொல்லக் கூடாது, அந்த மாதிரி வேலியை இந்த மாவட்டத்தில் யாரும் கட்டியிருக்க மாட்டார்கள். நூல் பிடித்தாற்போல நேராக நின்றது. துணியின் அடிப்பக்கம் ஒரு சாண் உபரியாகத் தொங்கியது, பார்க்க நன்றாக இல்லை என்று அதை மேலே மடித்து வரிசையாகப் பின் அடித்துவிட்டேன். இன்ஸ்பெக்டர் அம்மாள் குனிந்து அந்த மடிப்பை விரலால் நீவிப் பார்த்தார். "மிஸ்டர் ஸ்ட்ரவுட், இதை யாரு மடிச்சது?" என்றார். "நான்தான் மேடம். இல்லன்னா ஓரம் மண்ணாகும்." "அது மண்ணுக்குள்ள போக வேண்டிய ஓரம். பள்ளம் வெட்டிப் புதைக்கணும். நீங்க மடிச்சு வச்சதுல சேறு குனியக்கூட இல்ல, நேரா நடந்து போயிருக்கு." வரைபடத்தில் அப்படித்தான் இருந்ததாம். வரைபடம் போட்டவர் அதைக் கொஞ்சம் பெரிய எழுத்தில் எழுதியிருந்தால் உங்கள் குளம் இந்தப் பாடு பட்டிருக்காது. அன்றே பொக்லைன் ஓட்டும் டொமிங்கோவும் நானும் வேலி முழுக்கப் பள்ளம் வெட்டி, துணியைப் புதைத்து, மண்ணை மிதித்து இறுக்கிவிட்டோம். ஆக, வேலி முடிந்தது.

அடுத்தது வாசல். லாரிச் சக்கரத்தில் ஒட்டுகிற சேறு சாலைக்குப் போகாமல் இருக்க, வெளியே போகிற வழியில் பெரிய கற்களைப் பரப்ப வேண்டும், சக்கரம் அதில் குலுங்கிச் சேற்றை உதிர்த்துவிடும். முஷ்டி அளவு கல் போதும் என்று விதி. நான் எதையும் அரைகுறையாகச் செய்கிற ஆள் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். பூசணிக்காய் அளவில் இறக்கினேன். பிரமாதமாகக் குலுக்கியது. டொமிங்கோவின் தெர்மாஸ் உடைந்தது, ஜன்னல் கொண்டுவந்தவனுக்கு ஜன்னலாக எதுவும் மிஞ்சவில்லை, ஆனால் சக்கரத்தில் ஒரு துளிச் சேறு கிடையாது. புதன்கிழமை மத்தியானம் கழிப்பறைப் பெட்டிகளைச் சுத்தம் பண்ண வந்த டேங்கர் லாரி மட்டும் கற்களுக்கு நடுவே உட்கார்ந்துவிட்டது. நிறைந்த வயிற்றோடு. அன்று வெயில் வேறு. டிரைவர் இறங்கி, கற்களைப் பார்த்து, என்னைப் பார்த்து, சாலையில் நடந்துபோனவன் இன்னும் திரும்பவில்லை. லாரி வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறது. இதிலும் ஒரு நன்மை பாருங்கள், வண்டியே வெளியே போக முடியாதபோது சேறு எப்படிப் போகும்?

பிறகு சரிவு. வெறும் மண்ணை ரொம்ப நாள் திறந்து போடக் கூடாது, புல் விதை தூவி, வலையில் கோத்த வைக்கோல் பாயால் மூட வேண்டும். வியாழக்கிழமை காலை முழுக்க விரித்து ஆணி அடித்தோம், மேடு முழுக்கப் பொன்னாக மின்னியது. மத்தியானச் சாப்பாடு முடித்து வந்து பார்த்தால் உங்கள் ஆடுகள். நான் குறையாகச் சொல்லவில்லை, மச்சான். வேலியைத் தாண்டுவது ஆட்டின் சுபாவம், வேலியைச் சரிபார்ப்பது மட்டும்தான் மனிதன் வேலை. டொமிங்கோ கையில் மண்கட்டியோடு தயங்கி நின்றான். "சார், பாஸ்டர் வீட்டு ஆடு சார். அடிக்கலாமா, பாவமா?" என்றான். நாங்கள் அதை யோசித்து முடிப்பதற்குள் அவை வைக்கோலையும் விதையையும் தின்றுவிட்டு வலையை மட்டும் மிச்சம் வைத்தன. அந்த நேரம் பார்த்து இன்ஸ்பெக்டர் அம்மாள் வந்தார். "சரிவுல பாய் போடச் சொன்னேனே?" "போட்டாச்சு மேடம்." "எங்க?" "ஆட்டுக்குள்ள இருக்கு மேடம்." அவர் அதைக் குறித்துக்கொண்டார். எந்தத் தலைப்பின் கீழ் குறித்தார் என்று தெரியவில்லை. நாங்கள் மறுபடியும் பாய் விரித்து, டொமிங்கோவைக் காவலுக்கு வைத்தோம்.

இதெல்லாம் சில்லறை விஷயம். என் சாதனை என்பது குட்டைதான். மேட்டின் தாழ்ந்த மூலையில், உங்கள் குளத்துக்குப் போகும் ஓடைக்கு நேர் மேலே, மண் கரை எழுப்பி ஒரு வண்டல் குட்டை வெட்டியிருக்கிறோம். மழைநீர் எல்லாம் அதில் வந்து நிற்கும், மண் அடியில் தங்கும், தெளிந்த தண்ணீர் நடுவில் நட்டுவைத்த குழாய் வழியாக மெல்ல வெளியே போகும். "தண்ணி போகட்டும், மண்ணு போகக் கூடாது. பர்மிட்டே அவ்வளவுதான்" என்பது இன்ஸ்பெக்டர் அம்மாள் வாய் ஓயாமல் சொல்வது. அந்தக் குழாயை நான் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தேன். மேலிருந்து கீழ்வரை ஓட்டை. தண்ணீரைத் தேக்குவதற்கென்று வெட்டிய குட்டையில் ஓட்டைக் குழாயை நடுவானேன்? மண் போகக் கூடாது என்று கேட்கிறவர்களுக்குத் தண்ணீரும் போகாது என்று கொடுத்தால் இரட்டிப்பு நன்மைதானே. குழாயைத் துணியால் சுற்றி, அதன் மேல் தார்ப்பாயைச் சுற்றி, கம்பியால் இறுக்கிக் கட்டினேன். டொமிங்கோவுக்குச் சந்தேகம். "சார், அந்த ஓட்டை கடையிலயே போட்டு வந்தது சார்" என்றான். "டொமிங்கோ, உன் வீட்டுக் குளியல் தொட்டில ஓட்டை இருக்கா?" "இருக்கு சார்." "அதை அடைச்சுட்டுக் குளிப்பியா, தொறந்து வச்சுட்டா?" அவன் மிச்சக் கம்பியைச் சுருட்ட ஆரம்பித்தான். படித்து வருகிற அறிவு வேறு, தோன்றுகிற அறிவு வேறு.

வியாழன் ராத்திரி மழை, வெள்ளி முழுக்க மழை. உங்கள் ஓடையில் ஏதாவது வந்ததா, சொல்லுங்கள். ஒரு சொட்டு? வந்திருக்காது. எல்லாம் இங்கே என் குட்டையில் கரை தொட்டு நிற்கிறது, வாத்துகள்கூட வந்து இறங்கிவிட்டன. மாமா ஹோய்ட் தினமும் காலையில் மடக்கு நாற்காலியும் குடையும் வேகவைத்த வேர்க்கடலையுமாக வந்து கரையோரம் உட்கார்ந்துவிடுகிறார். நேற்று என்னிடம், "மாப்பிள, இதுல ஆமை இருக்குமா?" என்றார். "மாமா, போன மாசம் வரைக்கும் இது மேடு. ஆமைக்கு இந்த விலாசமே தெரியாது" என்றேன். அவர் சிரிக்கவில்லை. தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். நாளை நினைப்பாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

ஆகவே மச்சான், நாளை அத்தையை முன்வரிசை நாற்காலியில் உட்கார வையுங்கள். மாமா குனிந்து பார்க்கும்போது பாதம் மட்டும் அல்ல, நகம் வெட்டியிருக்கிறாரா என்பதுகூடத் தெரியும். இதை நான் ஸ்ட்ரவுட் குடும்பத்தின் பேரில் சொல்கிறேன். சாயங்காலம் உங்கள் வாசலுக்கு வருவேன், நீங்கள் கொட்டகைப் பக்கம் போகாமல் இருந்தால் கை குலுக்கிக்கொள்ளலாம். உங்கள் கோபம் எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது, அதை எழுதாமல் முடித்தால் கடிதம் பொய்யாகிவிடும்.

ரோவினா அக்காவுக்கு என் அன்பு. ஆடுகள் ஜீரணித்திருக்கும் என்று நம்புகிறேன். கர்த்தர் உங்கள் சபையையும், தொழுவத்தையும், தெளிந்த குளத்தையும் காப்பாராக.

இப்படிக்கு,
உங்கள் நம்பிக்கைக்குரிய
அர்லிஸ்

பின்குறிப்பு: கடிதத்தை மடித்து நதீனிடம் கொடுக்கலாம் என்று எழுந்தேன். விடிந்ததிலிருந்து மழை விடவில்லை என்பதை எழுதுகிற மும்முரத்தில் கவனிக்கவில்லை. வெளியே இன்ஸ்பெக்டர் அம்மாள் மழைக்கோட்டோடு குட்டைக் கரையில் நின்றுகொண்டிருந்தார்.

"குழாய்க்கு யாரு சட்டை போட்டது?" என்றார்.

"நான்தான் மேடம்."

"அப்ப தண்ணி எப்படி வெளிய போகும்?"

"போகாது மேடம். அதுலதான் விசேஷமே."

டாக்டர்கள் சில சமயம் நம்மைப் பார்ப்பார்களே, அந்தப் பார்வை பார்த்தார். "மிஸ்டர் ஸ்ட்ரவுட், தண்ணிக்கு நீங்க வழி விடலன்னா அதுவே ஒண்ணு பண்ணிக்கும்" என்று அவர் சொல்லி வாய் மூடவில்லை, கரையின் மூலையில் கையகலத்துக்கு ஒரு வழி விழுந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது கதவகலம் ஆயிற்று. நான் ஒரு வைக்கோல் கட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உள்ளே குதித்தேன். டொமிங்கோ பொக்லைனைக் கிளப்பினான், அது ரெண்டடி நகர்ந்து சேற்றில் உட்கார்ந்துகொண்டது. வாத்துகள் போய்விட்டன. அப்போது பார்த்தால் மாமா தோளில் ஒரு வைக்கோல் கட்டோடு வருகிறார். "மாமா, கிட்ட வராதீங்க" என்று கத்தினேன். "தள்ளு மாப்பிள, அந்தப் பக்கம் அடைக்கணும்" என்று காலை வைத்தவர், வழுக்கி, கட்டோடும் தொப்பியோடும் அப்படியே உள்ளே போய்விட்டார். முழுசாக. ஒரு முடிகூட வெளியே இல்லை. அந்தச் செங்குழம்பில் எதுவும் தெரியவில்லை. எனக்கு உயிரே போய்விட்டது, மச்சான். கையைவிட்டுத் துழாவி, அவருடைய கால்சட்டையின் தோள்பட்டை வாரில் கை மாட்டியதும் ஒரே தூக்காகத் தூக்கினேன். தூக்கும்போது பயத்தில் என் வாயில் வந்தது, நீங்கள் குளத்தில் ஒவ்வொரு முறையும் சொல்வது. பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தினாலே. நான் வேண்டுமென்று சொல்லவில்லை. உங்கள் சபையில் இத்தனை வருஷம் கேட்டது அப்படியே வந்துவிட்டது.

கரையில் நின்ற இன்ஸ்பெக்டர் அம்மாள் "ஆமென்" என்றார். டொமிங்கோ தொப்பியைக் கழற்றினான். நதீன் குடையைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

மாமாவைக் கரையேற்றி உட்கார வைத்தோம். அடி ஒன்றும் இல்லை. வாயிலிருந்து மண்ணைத் துப்பிவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதார். நான் அவர் அழுது பார்த்ததில்லை. பிறகு சொன்னார், "ஆமையும் இல்ல, ஒண்ணும் இல்ல மாப்பிள. ஊரே பாத்துக்கிட்டிருக்க அழுதுருவேனேன்னுதான் இத்தனை வருஷமா போகல. இப்ப ஆச்சு. மனசாரத்தான் போனேன், உள்ள போறப்ப ஆண்டவரைத்தான் கூப்பிட்டேன். லமார்கிட்டச் சொல்லு, வெர்னாகிட்டச் சொல்லு. நாளைக்கு இன்னொரு தடவை என்னால முடியாது."

உங்கள் குளத்தைப் பொறுத்தவரை, இந்தக் கடிதம் வருவதற்கு முன்னால் என் குட்டை அங்கே வந்து சேர்ந்திருக்கும். மேலே எழுதியதில் சுக விசாரிப்பையும் என் வருத்தத்தையும் தவிர மற்றதை அடித்துவிடுங்கள். வேலையை நிறுத்தச் சொல்லி இன்ஸ்பெக்டர் அம்மாள் உத்தரவும் கொடுத்துவிட்டார். நியாயம்தான், நான் தகராறு பண்ணவில்லை. அந்த அம்மாளே முழங்கால் தண்ணீரில் இறங்கிக் குழாயை அவிழ்த்துக்கொண்டிருக்கிறார்.

ஆனால் மாமாவின் இந்த ஞானஸ்நானம் செல்லுமா, மச்சான்? முழுக்குத்தான், அதில் சந்தேகம் இல்லை. பாஸ்டர் பக்கத்தில் இல்லை, அதுதான் குறை. மாமாவைச் சாலையில் நிற்கும் நதீன் காரில் ஏற்றி உங்களிடமே அனுப்பிவிடலாம் என்றால், இன்ஸ்பெக்டர் அம்மாள் வழி மறித்து, "அவர் மேல ஒட்டியிருக்கறது சைட் மண்ணு. கழுவாம வெளிய போகக் கூடாது" என்கிறார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார், ஆனாலும் வழியை விடவில்லை. கழுவுகிறேன் என்று நான் ரப்பர் குழாயைத் தூக்கினால், மாமா கையைத் தட்டிவிடுகிறார். லமார் வந்து செல்லும் என்று சொல்லாமல் இந்த மண்ணில் ஒரு துளியைக்கூடக் கழுவ விட மாட்டாராம். அத்தைக்குப் போன் போட்டாயிற்று, புறப்பட்டுவிட்டார்; நீங்கள் போனை எடுக்காததால் இந்தக் கடிதத்தோடு நதீன் வருகிறாள். மாமா தகரக் கொட்டகையில் ஹீட்டருக்கு முன்னால் உட்கார்ந்து நடுங்கிக்கொண்டிருக்கிறார், வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறார். சீக்கிரம் வாருங்கள்.